சண்டை போட்டுப் பிடித்த இடம்

யமுனை மேல் சத்தியம்! நுரை பொங்கினாலும் நதி நதிதான். அதன் மேல் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

சுபாஷிணி பூசா ரோடு பள்ளியில் தமிழ் படித்த தில்லிப் பெண். இப்போது பல்கலைக்கழகத்தில் உலகப் பண்பாடுகளும் பன்னாட்டு உறவுகளும் படிக்கிறாள். ஆய்வுக்கு வழிகாட்டி யார் என்று நாளைக்குள் துறையில் பெயர் கொடுத்தாக வேண்டும்.

அவள் மனதில் இருந்தது ஒரே பெயர்தான். பேராசிரியர் பாலசுப்ரமணியம். எல்லைத் தகராறுகளைப் பற்றி அவர் பாடம் நடத்தினால், துப்பாக்கி தூக்கியவன்கூட அதைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்பெடுப்பான்.

"அவரா?" என்று சிரித்தான் கூடப் படிக்கும் கௌஷிக். "சாயங்காலம் மயூர் விஹார்ல அவர் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாரு. அப்புறம் முடிவு பண்ணு."

போனாள்.

கேட்டை ஒட்டி இரண்டு கார் நிற்கிற இடம். பேராசிரியரின் பழைய கார் அதை முழுக்க அடைத்துக்கொண்டு, முன்பதிவில்லாத பெட்டியில் காலை நீட்டிப் படுத்தவர் மாதிரி குறுக்கே கிடந்தது.

பக்கத்துத் தெரு இளைஞன் ஒருவன், "அங்கிள்ஜி, ப்ளீஸ், கொஞ்சம் முன்னால எடுங்க" என்று இந்தியில் கெஞ்சினான்.

"நஹீ ஹோகா! முடியாது!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் பேராசிரியர். அவன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான்.

சுபாஷிணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இவரையா கடவுள் மாதிரி நினைத்தோம்?

அடுத்து ஒரு வெள்ளைக் கார் ஹாரனை அழுத்தியபடியே வந்து நின்றது. மாடி வீட்டு ஐயப்பன். விமானப் படையில் ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர்.

"வே, பாலசுப்ரமணியம்! ரோடு என்ன உம்ம பாட்டன் சொத்தா?"

"உம்ம பாட்டன் மட்டும் எழுதி வச்சுட்டுப் போனாரா?"

"எடும்வே அந்த ஓட்டை டப்பாவ!"

"எடுக்க முடியாது. என்ன பண்ணுவீர்?"

"உலகத்துக்கெல்லாம் பஞ்சாயத்து பண்ணுத வாத்தியாரு, மாடி வீட்டுக்காரனுக்கு வழி விடமாட்டாரு! வெக்கமா இல்ல?"

பால்கனிகளில் தலைகள் முளைத்தன. கடைசியில் பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு காரை முன்னால் நகர்த்தினார். ஐயப்பன் ஒரு தேசத்தையே பிடித்துவிட்டவர் மாதிரி கேட்டருகே நிறுத்தி, மனைவி இளவரசியைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கூட்டிப் போனார்.

திரும்பிய பேராசிரியர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "அடடே, சுபாஷிணியா! வாம்மா."

"இல்ல சார். நான் வேற கைடு பார்த்துக்கறேன்."

"ஏம்மா?"

"கிளாஸ்ல சமாதானம். வாசல்ல இது. சாரி சார்."

அவர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மாவுக்கு டயாலிசிஸ். முடிஞ்சு வர்ற அன்னிக்கு நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். தில்லியில கேட் பக்கத்து இடத்தைக் காலியா விட்டா தங்குமா? அதான் குறுக்கே போட்டுக் காவல் காக்கறேன்."

"அதை அவர்கிட்டயே சொல்லலாமே சார்!"

"ஆரம்பத்துல சொன்னேனே. 'உம்ம பரிதாபம் எனக்கு வேண்டாம்'னு காரைத் தெருக்கோடியில கொண்டு போய் நிறுத்திட்டார். அந்தம்மா அங்கேருந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. பார்க்க முடியல. கொடுத்தா வாங்கிக்க மாட்டார்மா. சண்டை போட்டு ஜெயிச்ச இடம்னா ஜம்முனு நிறுத்துவார். அதான் வாரா வாரம் தோத்துக்கிட்டிருக்கேன். பாடப் புத்தகத்துல இதுக்கு அத்தியாயம் கிடையாது."

"நாளைக்கு உங்க பேரைத்தான் சார் கொடுக்கப் போறேன்."

"கொடு, கொடு. ஆனா இந்த விஷயம், மூச்! வா, காபி சாப்பிட்டுட்டுப் போ" என்று முன்னால் நடந்தார்.

பின்னால் போனவளின் துப்பட்டாவை யாரோ இழுத்தார்கள். மாடிப்படியின் அடிப் படியில் இளவரசி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். ஐயப்பன் கதவைத் திறந்து தண்ணீர் கொண்டுவர மேலே போயிருந்தார்.

"உங்க சாருக்கு ரகசியம் பேச வராதும்மா. கிளாஸ் எடுத்து எடுத்துத் தொண்டை அப்படி!"

சுபாஷிணி பதறினாள். "ஐயோ ஆன்ட்டி, அங்கிள்கிட்ட சொல்லிடாதீங்க."

"அவுகளுக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்வளவு சண்டை?"

"சண்டை போடாட்டா, எங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு உங்க சார் கூசிப் போயிருவாருல்லா? அதான் ஆஸ்பத்திரியில இருந்து வார வழியெல்லாம், 'இன்னைக்கு அந்த மனுசன என்ன சொல்லி ஏசலாம்'னு என்கிட்ட கேட்டுக்கிட்டே வருவாக. நான் எடுத்துக் கொடுப்பேன். 'ஓட்டை டப்பா' நான் சொன்னதுதான்! சிரிச்சுச் சிரிச்சு ஊசி குத்துன வலியே மறந்து போகும் தாயி."

கேட்டீர்களா? கேட்டதோடு விட்டுவிடுங்கள். மயூர் விஹார் பக்கம் போனால் வாயைத் திறக்காதீர்கள். அவர்கள் சமாதானமாகிவிட்டால் அந்த அம்மாள் எதைச் சொல்லிச் சிரிப்பாள்? அப்படியே வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், யார் சொன்னது என்று கேட்பார்கள்... காற்றில் வந்தது என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.