கடைசி மூன்று இலக்கங்கள்

பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மறுபடியும் தேய்த்தான்.

எழுத்தும் எண்ணுமாகப் பதினான்கு மட்டும் தாளில் வெள்ளையாக எழுந்தன. கடைசி மூன்று இடங்கள் வெறும் கரி.

இது நான்காவது தாள்.

ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில், காரின் திறந்த பானெட்டுக்குள் குனிந்திருந்தான். முதுகில் வெயில்.

தகட்டில் பொறித்த சேசிஸ் எண் தாளில் முழுதாக விழுந்தால் பதிவைப் புதுப்பிப்பார்கள். கார் இன்னும் ஐந்து வருடம் ஓடும். விழாவிட்டால் உடைக்கக் கொடுக்க வேண்டியதுதான்.

அந்த இடத்தில் துரு இருந்தது. எண் பளிச்சென்று தெரியட்டும் என்று நேற்று உப்புத்தாளால் தேய்த்தான். ஒரு மணி நேரம் தேய்த்தான்.

துரு போனது. தகடு மின்னியது.

கடைசி மூன்று இலக்கங்களும் போயிருந்தன.

வரிசையில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சி, படம் வரைஞ்சு முடிச்சாச்சா? வெயிலு மண்டையப் பொளக்கு."

யாரோ சிரித்தார்கள்.

ஆய்வாளர் வந்தார். நான்கு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். தகட்டை விரலால் தடவினார்.

"இது உங்க வண்டிதான்னு நான் எப்படி சார் நம்புறது?"

எஞ்சின் எண்ணைக் காட்டினான்.

"எஞ்சின யார் வேணாலும் மாத்தலாம்."

அவன் வாயைத் திறந்தான். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

இருபத்து நான்கு வயதில் வாங்கிய கார். முதல் கார். கல்யாணமான மூன்றாம் நாள், திருச்செந்தூர் சாலையில் நல்ல மழை. வைப்பர் நின்றுவிட்டது. மனைவி ஜன்னல் வழியே கையை நீட்டி, அவனுடைய துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கோயில் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இதையா சொல்வது?

"இடது கதவு சும்மா திறக்காது சார். லேசாத் தூக்கித் திறக்கணும். அது எனக்குத்தான் தெரியும்."

ஆய்வாளர் இடப்பக்கம் போனார். ஒரு விரலால் இழுத்தார்.

கதவு திறந்துகொண்டது.

ஆய்வுக்குப் போகிற வண்டி என்று போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தான். ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான். பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தான். கதவு, வைப்பர், ஹாரன், இரண்டாவது கியரில் வரும் முனகல். மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் அடித்துத் திருப்பித் தந்திருந்தான்.

பட்டியல் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வேற ஏதாவது இருக்கா சார்?"

ஆய்வாளர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகாது சார். இருமும், அணையும். மூணாவது தடவைதான் பிடிக்கும்."

"எங்க, போடுங்க பாப்போம்."

ஏறி உட்கார்ந்தான். ஆய்வாளர் ஜன்னலில் கை ஊன்றிக் காத்திருந்தார். ஆட்டோக்காரரும் ஹாரனை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

பதினைந்து வருடமாக, ஒவ்வொரு காலையும் ஒரே வேண்டுதல்தான்.

இன்று முதல்முறையாக, கிளம்பிவிடாதே என்று வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினான்.