கணக்குப் பாடம்

டெட்ராய்ட்டில் சலவைக்கடைக்கு மேலேயுள்ள அறையில், வானவில் கொடிக்குக் கீழே, பாட்டு அதிர்ந்துகொண்டிருக்கிறது. யெசேனியா ஹை ஹீல்ஸ் போட்டு நடந்து காட்ட, கறுப்பும் மாநிறமுமாய் ஏழெட்டுப் பிள்ளைகள் தரையைத் தட்டிக் கூவுகிறார்கள். ஜமாரி மட்டும் ஜன்னலோரம், ஊதாப் பூச்சு இன்னும் காயாத தன் நகங்களை மாலை வெயிலில் விரித்துப் பிடித்திருக்கிறான். போன் அலறுகிறது. "எங்கம்மா!" என்கிறான். சட்டென்று பாட்டு நிற்கிறது. யார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் இந்த அறை டியூஷன் வகுப்பாகிவிட வேண்டும். அது இங்கே எழுதாத சட்டம். நகம் கலையாமலிருக்க யெசேனியாவே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "எக்ஸ் ஈக்வல் டு ஏழு, எல்லாரும் எழுதிட்டீங்களா?" என்று டீச்சர் குரலில் அதட்டுகிறாள். யாரோ சிரிப்பை அடக்க இருமுகிறார்கள். "கண்ணு, என்னடா பண்ற?" "கணக்குப் படிக்கிறோம்மா." அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கிறது. அம்மாவின் குரல் தாழ்கிறது. "சரி, படி. கெளம்புறப்ப நகத்த மட்டும் தொடச்சிட்டு வா. அப்பா இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டாரு." போன் அடங்குகிறது. யெசேனியா பூச்சைத் துடைக்கும் பஞ்சை நீட்டுகிறாள். "பஸ் ஆறு மணிக்குத்தான், இன்னும் நேரமிருக்கு," என்கிறான் ஜமாரி. காயட்டும் என்று நகங்களை ஊதுகிறான்.