மைனரும் நியான் மீன்களும்

செடி அடர்ந்த மீன்தொட்டியைக் குனிந்து பார்த்த கணவன் உதட்டைப் பிதுக்கினான். "இன்னைக்கும் ரெண்டு நியான் மீனைக் காணோம். எல்லாம் உன் பூனை வேலைதான்."

"மூடி போட்டிருக்கே, மைனர் எப்படிங்க எடுப்பான்?"

"பின்ன, மீனுக்கு இறக்கை முளைச்சுதா? அவனை உங்க அக்கா வீட்ல விட்டுடு."

சோபாவை முழுசாக அடைத்துப் படுத்திருந்த மைனர் கொட்டாவி விட்டது. மனைவி கண்ணைத் துடைத்தபடி அதைக் கூடையில் வைத்துக் கிளம்பினாள்.

சூடு ஆறாத சோபாவில் கால் நீட்டிப் படுத்த கணவன், மீன்கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நீங்க சொன்னது சரி. ஏஞ்சல் மீனோட விட்டா, சின்ன நியானை எல்லாம் அது முழுங்கிடுது."

"சொல்லச் சொல்லக் கேக்காம வாங்கிட்டுப் போனீங்களே தம்பி! ஏஞ்சலைத் திருப்பிக் கொண்டு வாங்க."

"ஐயோ, அவர் இருக்கட்டும்ணே. என் சோபாவை மீட்டுக் கொடுத்தவராச்சே!"