வழுக்குக்கை

"அந்த ஒரு பேரை மட்டும் கல்லுல செதுக்காதீங்க சார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

தீயணைப்பு நிலைய அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தா பெயரை விட்டுவிட்டீர்களே என்று சண்டைக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறார். போடாதே என்று சண்டைக்கு வந்தது இந்தத் தையல்கார அம்மாள்தான்.

நிலையத்தின் முதல் அணியில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் கல்லில் செதுக்கி, நாளை வாசலில் நிறுத்தப் போகிறார்கள். கடைசி வரி மட்டும் பாக்கி. கல் கொத்துகிறவர் உளியும் கையுமாக இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்களுக்குப் பெருமைதானே?"

"என்ன சார் பெருமை? ஊரே சிரிச்ச கதை உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன! தீயணைப்பு வண்டி ஊருக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கிடங்கு பற்றி எரிந்தது. குழாய் முனையைப் பிடித்தவன், தலையே போனாலும் கையை எடுக்கக் கூடாது. அன்றும் இன்றும் அதுதான் சட்டம். இவள் தாத்தா எடுத்துவிட்டார். குழாய் துள்ளித் திரும்பி, பின்னால் நின்ற கிடங்கு முதலாளியையும் மேலதிகாரியையும் உருட்டிவிட்டுத் தொப்பலாக நனைத்தது. கிடங்கு சாம்பலாயிற்று.

விசாரித்ததற்கு, "கை வழுக்கிடுச்சுங்க" என்று ஒரே பதில். அன்றோடு வேலை போனது. 'வழுக்குக்கை' என்ற பட்டப்பெயர் மட்டும் போகாமல் வீட்டோடு தங்கிவிட்டது.

"எங்கப்பா பந்து விளையாடப் போனாக்கூட, 'வழுக்குக்கை பேரன்டா, பந்து போச்சுடா'ம்பாங்க... இல்ல, மகன்னு சொல்வாங்க. எனக்குக் கோபத்துல உறவு முறையே குழம்புது சார்! இப்ப என் பொண்ணு இங்கேயே வேலைக்குச் சேர்ந்திருக்கா. விஷயம் தெரிஞ்சா, அவ கையில எவன் குழாயைக் கொடுப்பான்?"

முற்றத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சக வீரர்கள் எல்லாருக்கும் இப்போது கேட்டுவிட்டது.

"நீக்கின ஆள்னு நானும் விட்டுடத்தான் இருந்தேன்மா. கடைத்தெருப் பூட்டுக்காரர்தான் அவர் பேரையும் போடணும்னு நடையா நடந்து..."

"அந்தாளால வந்த வினைதான் எல்லாம்! தெருத்தெருவா நின்னு 'வழுக்குக்கை வீடு எது'ன்னு கேட்டு, மறந்துபோன பேரைத் தமுக்கடிச்சிட்டாரு. நானும் முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தறேன், மறுநாளும் வந்து நிக்கறாரு!"

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனிதருக்கு அந்தக் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

"இங்கேதான் இருக்கீங்களாம்மா?" என்றபடி பூட்டுக்காரரே உள்ளே வந்தார். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தார்.

"ஏங்க, எங்க மானத்தை வாங்கறதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"பட்டப்பேரைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. அதை வச்சுத்தானே வீட்டைத் தேட முடியும்? ஒரு நிமிஷம் கேளுங்க. உங்க தாத்தாவுக்குக் கை வழுக்கலை. தெரிஞ்சேதான் விட்டார்."

உளிக்காரர்கூட நிமிர்ந்தார்.

"கிடங்குக் காவலாளி, தங்க இடமில்லாம பெண்டாட்டி பிள்ளையைத் திருட்டுத்தனமா மாடியில வச்சிருந்தார். தெரிஞ்சா வேலை போயிடும். தீ வச்சதே நீங்கதான்னு பழியும் போட்டிருப்பாங்க. நெருப்பு நெருங்கினதும் அந்தம்மா கைக்குழந்தையைப் பக்கவாட்டு ஜன்னல் வழியா கீழே போட்டுட்டாங்க. அந்தப் புகையில பார்த்தது உங்க தாத்தா ஒருத்தர்தான். குழாயைப் பிடிச்சுக்கிட்டே குழந்தையைப் பிடிக்க முடியுமா?"

"பிடிச்சாரா?" அதிகாரிதான் கேட்டார்.

"பிடிச்சார். பின்னாலயே குதிச்ச அந்தம்மா, 'வெளியில சொல்லிடாதீங்கண்ணே'ன்னு கெஞ்சினாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக, சாகற வரைக்கும் கை வழுக்கினவராவே இருந்துட்டார்."

தையல்கார அம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். "இது... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கைக்குழந்தைதான் எங்கம்மா. பாட்டி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். வெளியில வண்டியில உட்கார்ந்திருக்காங்க. நடக்க முடியாது. உங்க முகத்தை ஒரு தடவை பார்க்கணும்னு..."

அவர் முடிக்கவில்லை. மகள் கையிலிருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவளுடைய இரண்டு கைகளிலும் அந்த மூதாட்டி இருந்தார்.

"பார்த்தும்மா, பார்த்து!" என்று பின்னாலேயே வந்தார் பூட்டுக்காரர்.

"பயப்படாதீங்க. எங்க வீட்டுக் கை வழுக்காது!" நிலையம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

யாரோ நிலையத்தின் அபாய மணியை அடித்தார்கள். தீ எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

உளிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ பேரைச் செதுக்கிடலாமாம்மா?"

தையல்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வெறும் பேர் போதாது. 'வழுக்குக்கை'ன்னு பட்டப்பேரையும் சேர்த்து, நல்லாப் பெரிசா செதுக்குங்க!"