வேடிக்கை பார்க்க வந்த தெரு

"அம்மா, ஜன்னலைச் சாத்து! தெருவே வந்து உட்கார்ந்திருக்கு, நான் தோக்கறதை வேடிக்கை பார்க்க!"

மிலேடிஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பர்ராங்கியா நகரில் மத்தியான வெயிலுக்கு நாய்கூட வெளியே தலைகாட்டாது. இன்றைக்கென்று பார்த்து ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வீடியோ இண்டர்வியூ. தலைநகரில் இருக்கும் பெரிய கம்பெனி. கணக்கியல் படித்துவிட்டு ஒரு வருஷமாக வேலை தேடுகிறாள்.

போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. இந்தத் தெருவுக்கென்று ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர். மத்தியானம் எல்லா வீட்டிலும் ஃபேன் ஓடினால் அதற்கு மூச்சு வாங்கும். இரண்டாவது கேள்வியிலேயே கரண்ட் மங்கி, மோடம் அணைந்து, இண்டர்வியூ அம்போ. அன்றைக்கு அவள் அழுதது தெருமுனை வரை கேட்டது.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மறுவாய்ப்பு இது. இதுவும் போனால் அவ்வளவுதான்.

"மேடம், உங்க பலவீனம் என்ன?" வாசலிலிருந்து முடிதிருத்தும் உபால்தோ குரல் கொடுத்தார்.

"எடுத்த வேலையை முடிக்காம எனக்குத் தூக்கமே வராதுங்க!" என்று மிலேடிஸ் மாதிரியே இழுத்தாள் எதிர்வீட்டு நூரிஸ். பாக்கெட் ஐஸ் விற்கிறவள். அம்மாவோடு ஆறு மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

தெருவே சிரித்தது. வாரம் பூரா கண்ணாடி முன்னால் நின்று சத்தம்போட்டுப் பழகியதன் பலன்.

"அடுத்தவ வீடு எரியறதுன்னா இதுங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் பாரு!" பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

ஒரு கேள்வி. இரண்டாவது கேள்வி. மோடத்தின் பச்சை விளக்கையே ஓரக்கண்ணால் பார்த்தாள். அசையவில்லை.

ஐந்தாவது கேள்வியும் போயிற்று. கரண்ட் துளிகூட மங்கவில்லை. கடவுளே, இதென்ன அதிசயம்! அவளுக்கு உடம்பு புல்லரித்தது. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் இப்படியொரு மத்தியானத்தை அவள் பார்த்ததில்லை. பயம் போன இடம் தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அடுத்த வாரம் வந்து சேர்ந்துடறீங்களா?" என்றார் திரையில் இருந்த அம்மாள்.

அம்மா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "தெய்வம்தான்டி கரண்ட்டைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு!"

மிலேடிஸ் கதவைப் படாரென்று திறந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதாக இல்லை.

"நல்லா வேடிக்கை பார்த்தீங்களா? எனக்கு வேலை கிடைச்சாச்சு!"

அடுத்த நொடி தெருவே எழுந்து ஆர்ப்பரித்தது. உபால்தோ விசிலடித்தார். எல்லார் சட்டையும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பிள்ளைகள் கை நிறைய, தண்ணீராய் உருகிய ஐஸ் பாக்கெட்டுகள்.

"குடிங்க, குடிங்க, இனி இதை எவன் வாங்குவான்?" என்று எல்லாருக்கும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த நூரிஸ், முகத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தாள்.

"இண்டர்வியூ முடிஞ்சுதாடி மகளே? அப்ப நாங்க உள்ள போய் ஃபேனைப் போட்டுக்கலாமா?"