ஒரு குப்பித் தண்ணீர்

“வாயைத் திற, ஹேசல். எல்லாருக்கும் தெரியற மாதிரி நல்லாத் திற.”

எட்டு வயதுப் பேத்தியை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார் டெல்மர். முன்பற்களில் தேயிலைக் கறை போலப் பழுப்புத் திட்டுகள். தீயணைப்பு நிலையத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கார்வர் கிரீக் ஊரே உச்சுக் கொட்டியது. பிள்ளை அவமானம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் இவளைத் துருப்பல் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது டெல்மருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

“யாரு பண்ணினதுன்னு உங்களுக்கே தெரியும். அந்தா, முதல் வரிசையில உக்காந்திருக்கா.”

முதல் வரிசையில் இருந்தவள் ரோண்டா. இருபத்திரண்டு வருடமாக ஊர்த் தண்ணீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள். பல் சொத்தையாகாமல் இருக்க, மண்ணிலும் பாறையிலும் உள்ள ஃப்ளூரைடு என்ற உப்பை ஊர்த் தண்ணீரில் அளவாகக் கலப்பது அவள் வேலை. அளவு மிஞ்சினால் பிள்ளைகளுக்கு வளர்கிற பல்லில் கறை விழும், வளர்ந்து முடிந்த பல்லில் விழாது.

இரண்டு வருடமாக இதே கூச்சல்தான். ஒரு கட்சிக்கு அது மருந்து, மறு கட்சிக்கு அது விஷம். தினமும் அளந்து பார்க்கிற ஒருத்தியை மட்டும் இரண்டு கட்சியும் வாய் திறக்க விடாது. இன்று ஃப்ளூரைடை நிறுத்துவதா, ரோண்டாவை வேலையை விட்டு அனுப்புவதா என்று இரண்டுக்கும் சேர்த்து ஓட்டு.

டெல்மர் ஊர்த் தண்ணீரைத் தொட்டே பல வருடமாகிறது. பண்ணையில் பதினோரு வருடத்துக்கு முன் ஆழ்கிணறு தோண்டினார். அறுபத்தெட்டு வயதிலும் அவர் பல் பால் வெள்ளை, அதைக் காட்டிக்காட்டித்தான் பாதி ஊரைத் தன் பக்கம் இழுத்தார்.

மகள் ஜனெல் மீதும் அவருக்குக் கோபம் உண்டு. அவர் பேச்சை மீறி, ஊருக்குள் கார் பழுது பார்ப்பவனைக் கட்டிக்கொண்டு போனவள். ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் பண்ணைக்கு வருவாள், போகும்போது காரின் பின்பக்கம் அமுங்கும் அளவுக்கு எதையாவது ஏற்றிக்கொண்டு போவாள். உருளைக்கிழங்காக இருக்கும் என்று இவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

போன மாதம் மகள் வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு சோதனைக் குப்பியை வைத்தார். ஹேசல் குடிக்கிற தண்ணீரை இதில் நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பு என்று கூடவே ஒரு சீட்டு. முடிவு நேற்று வந்தது. அதை யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்து, இப்போதுதான் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒற்றைக் கையால் உதறிப் பிரித்தார்.

“ஃப்ளூரைடு, லிட்டருக்கு நாலு புள்ளி மூணு மில்லிகிராம். சட்டமே நாலுக்கு மேல கூடாதுங்குது. இவ ஏட்டுல என்ன எழுதறா? புள்ளி ஏழு. புள்ளைங்களுக்கு விஷத்தை ஊத்திட்டு, ஏட்டுல பொய் எழுதறா.”

ஊர் கொதித்தது. ரோண்டாவை இன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல் என்று ஒருவர் கத்தினார். ஜெயிலுக்கு அனுப்பு என்றார் இன்னொருவர், போன குளிர்காலத்தில் அவர் வீட்டுக் குழாய் உறைந்தபோது பனியில் மண்டியிட்டுச் சரி செய்தவள் இவள்தான் என்பதை மறந்து. ஓட்டுக்கு விடலாமா என்று மேயர் சுத்தியலைத் தூக்கினார்.

ரோண்டா எழுந்தாள்.

“புள்ளி ஏழுக்கு மேல ஒரு நாள்கூட விட்டதில்ல. அந்தத் தண்ணிய எந்தக் குழாயில பிடிச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க, நானே சாவியை வச்சுட்டுப் போயிடறேன்.”

“என் மக வீட்டுச் சமையலறையில. வேற எங்க? ஜனெல், வந்து சொல்லு இவகிட்ட.”

ஜனெல் மைக்குக்கு வந்தாள். முதல் வேலையாக மகளின் மோவாயிலிருந்து அப்பாவின் கையை எடுத்துவிட்டாள். பிறகு, யார் பேசினாலும் சொல்லவேண்டியபடி பெயரையும் முகவரியையும் சொன்னாள். முகம் வெளிறியிருந்தது. அந்த நாலு புள்ளி மூன்றை அவளும் இப்போதுதான் கேட்டிருந்தாள்.

“நான் குழாயில பிடிக்கல. ஹேசல் குடிக்கிற தண்ணின்னு எழுதியிருந்தீங்க. அது ஃப்ரிட்ஜுல கேன்ல இருக்கும். அதைத்தான் ஊத்தினேன்.”

டெல்மருக்குப் புரியவில்லை. ஊருக்குள் இருக்கிறவள் ஊர்த் தண்ணீரைக் குடிக்காமல் வேறு எதைக் குடிப்பாள் என்று கேட்டார்.

“இவ பிறந்தன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. ஊர்த் தண்ணி விஷம், புள்ளை வாயில ஒரு சொட்டு படக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. நீங்க சொன்னதுல நான் கேட்டது அது ஒண்ணுதான். இன்னிய வரைக்கும் ஒரு சொட்டு படல.”

மேயர் சுத்தியலை மெல்ல மேசையில் வைத்தார். டெல்மருக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை, அது ரோண்டாவை விட்டுவிட்டு வேறு கழுத்தைத் தேடியது.

“அப்ப என் பேத்திக்கு விஷத்தை வித்தவன் யாரு? எந்தக் கம்பெனித் தண்ணி அது? பேரைச் சொல்லு, அவனைக் கோர்ட்டுல நிறுத்தறேன்.”

ஜனெல் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்க கிணத்துத் தண்ணிப்பா.”