ஒரே உதை

"இந்தப் புது இக்னிஷனைக் கழட்டு. பழைய காயில், பாயின்ட் எல்லாத்தையும் திரும்ப மாட்டு."

பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஓட்டகார் என்ற ஆளை மெக்கானிக் ஹினெக் ஏற இறங்கப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட் இக்னிஷனை மறுபடி பழைய ஆறு வோல்ட்டாக்கச் சொன்ன ஆள் புர்னோ நகரம் முழுக்கக் கிடையாது.

"கிறுக்காய்யா உனக்கு? ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுதே!"

"அதான் வினையே." ஓட்டகாரின் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. "வீட்டுல சண்டைன்னா, 'நான் போறேன்'னு வெளிய வந்து வண்டியை உதைப்பேன். லேசுல கிளம்பாது. நான் உதைச்சு ஓயறதுக்குள்ள என் பொண்டாட்டி லிபுஷே ஜன்னலைத் திறந்து, 'சூப் ஆறுது, உள்ள வா'ம்பா. ஞாயித்துக்கிழமை ஒரே உதையில கிளம்பிடுச்சு. அவ்வளவு வீறாப்பா சொல்லிட்டு வண்டியை எப்படி அணைக்கிறது? போயிட்டேன். சாயங்காலம் வந்தா, பூட்டை மாத்தியிருக்கா."

ஹினெக் ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

"பழசை மாட்டிக் குடு. உதைக்கிற சத்தம் கேட்டா ஜன்னலைத் திறப்பா."

ஹினெக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இந்தப் புதுசை மாட்டச் சொன்னது யாருன்னு தெரியுமில்ல?"

"அவதான். என் பிறந்தநாளுக்கு."

"என்கிட்ட வேலையைச் சொல்ல வந்தப்ப உன் வீட்டுக்காரம்மா ஒண்ணே ஒண்ணுதான்யா கேட்டாங்க." ஹினெக் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "'முதல் உதையிலேயே கிளம்பிடுமில்ல?'"